மூன்றாவது உருண்டை

2038 மார்ச் 4 அன்று, கரூர் வெங்கமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், அகச்சீர் உணவு ஆய்வு நிலையம் நூற்று இருபது தன்னார்வலர்களைப் பதிவு செய்துகொண்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் நெருங்கிய உறவைப் பறிகொடுத்தவர்கள் மட்டும் வரலாம் என்று அறிவிப்பில் இருந்தது. பத்து மணிக்குள் வரிசை மண்டப வாசலைத் தாண்டி டீக்கடை வரைக்கும் நின்றது.

சுகந்தி எண்பத்து மூன்றாவது ஆள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா. கணவர் இறந்து இரண்டு வருடமான ராஜாமணிதான் அவளைக் கிளப்பி அழைத்து வந்திருந்தாள்.

"நூறு நாளைக்கு மாவும் குடுத்து மேல பணமும் குடுக்கறாங்க. அழுகைக்குக் கூலி குடுக்கற காலம் வந்துருச்சு பாரு," என்றாள் ராஜாமணி. வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் யாரையோ பறிகொடுத்தவர்கள்தான்.

மேசையில் ஷர்மிளா பானு என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் இருந்த பலகைக் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"போன வாரத்துல எத்தனை நாள் அழுதீங்கக்கா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க," என்றாள் சுகந்தி. முன்பின் தெரியாதவர் கேட்டால் வேறென்ன சொல்வது?

ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நல்லா இருக்கறவங்கள எடுத்துக்க மாட்டாங்க."

"ஏழு நாளும்னு எழுதிக்கம்மா," என்றாள் ராஜாமணி பின்னாலிருந்து. "எங்க ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுரு. எனக்குக் கேக்கும்."

ஏழு என்று பதிவானது.

ஷர்மிளா ஒரு மாவுப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பார்வைக்குச் சத்துமாவு போலத்தான் இருந்தது. "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் தூங்கிட்டு இருக்கும். தயிர்ல இருக்கே, அந்த மாதிரி நல்லது. வயித்துக்குள்ள போனதும் முழிச்சுக்கும். அங்க ஒண்ணைச் சுரக்கும். அது குடல்ல இருந்து நரம்பு வழியா மூளைக்குச் சேதி சொல்லும்."

"என்ன சேதி?"

"போதும்னு."

சுகந்தி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துருமாங்க?"

"மறக்காதுக்கா. பேரு, முகம், தேதி எல்லாம் அப்படியே இருக்கும். குத்தறது மட்டும் நிக்கும். மாவை நிறுத்தின ரெண்டு வாரத்துல எல்லாம் பழையபடி ஆயிரும்." பிறகு மனப்பாடமாக ஒப்பித்தாள். பாதிப் பேருக்குத்தான் அசல் மாவு. மீதிப் பேருக்கு வெறும் கேழ்வரகும் பொட்டுக்கடலையும். உருவமும் ருசியும் ஒன்றாகவே இருக்கும். யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரில் கரைக்கலாம், உருண்டை பிடிக்கலாம், அடுப்பில் வைக்கக் கூடாது. "முக்கியமா, ஒருத்தர் பொட்டலத்தை ஒருத்தர்தான் சாப்பிடணும். வீட்ல வேற யாருக்கும் ஒரு வாய்கூடக் குடுக்கக் கூடாது."

"எங்க ஊட்ல நாங்க ரெண்டே பேருதானுங்க," என்று சொல்லிவிட்டுச் சுகந்தி கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிவிட்டார்கள். தூக்கத்தையும் நாடியையும் வியர்வையையும் பார்த்து, துக்கம் எவ்வளவு என்று அது ஓர் எண்ணைச் சொல்லும். அன்று சொன்ன எண் எழுபத்தொன்று. நூற்றுக்கு.

"படிப்புல வாங்குனதை விட இதுல சாஸ்தி வாங்கிட்ட," என்றாள் ராஜாமணி. அவளுக்கு அறுபத்து நான்கு.

*

வீட்டில் மூன்று பேர் இருந்த காலம் 2035 ஜூலையோடு முடிந்தது. அந்த மாதம், பள்ளிக்கூடத்து மின்சாரப் பேருந்தின் பேட்டரி புறவழிச்சாலையில் தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்த பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். பின்பக்கம் இருந்த ஐந்து பேர் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், அது திறக்கவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருத்தி நறுமுகை. ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கூப்பிடுவது பாப்பு.

அவளுடைய அப்பா குமரேசனுக்கு இருபது வருடமாகப் பஸ் பாடி கட்டும் வேலை. காவல் நிலைய வளாகத்தில் கிடந்த பேருந்தின் கரிக்கூட்டுக்குள் அவன் ஏறிப் பார்த்தான். அவசர வழிக் கதவு உள்பக்கமாக வெல்டு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கூடுதலாக இரண்டு சீட்டுகள். வெல்டு ஓடிய தடத்தை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றான். கீழே இறங்கியவன், "இது தாளாளர் சொல்லாம நடக்காது," என்று மட்டும் சொன்னான்.

வழக்கு ஓட்டுநர்மேல் பதிவாகியிருந்தது. தாளாளரையும் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும் என்று ஐந்து குடும்பங்களும் மனுப் போட்டன. மூன்று வருடத்தில் நான்கு குடும்பங்கள் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு விலகிவிட்டன. மிச்சம் குமரேசன் ஒருவன்தான். தாளாளர் கூண்டில் ஏறுவதும் ஏறாததும் அவனுடைய ஒரே மனுவில் நின்றது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவனிடம் ஒரு பழக்கம் வந்தது. பட்டறையில் எந்த வண்டி முடிந்து வெளியே போனாலும், யார் கட்டியதானாலும், சுத்தியலை எடுத்துப்போய் அவசர வழிக் கதவை உள்ளிருந்து மூன்று தட்டுத் தட்டித் திறந்து பார்ப்பான். திறக்காவிட்டால் வண்டியை நகர விடமாட்டான். இதனாலேயே இரண்டு முதலாளிகளோடு சண்டையாகி இப்போது மூன்றாவது பட்டறை. சுத்தியலை அங்கே விட்டுவிட்டு வருவதும் இல்லை. சாப்பாட்டுப் பையோடு அதுவும் வீட்டுக்கு வரும்.

மண்டபத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் சுகந்தி அவனிடம் கேட்டுப் பார்த்தாள். "நீங்களும் வந்து பேரு குடுங்களே. நாளைக்கும் எழுதறாங்களாமா."

"எதுக்கு?"

"கொஞ்சம் தூங்கலாம்."

"தூங்கிட்டா?" குமரேசன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "இந்தச் சூடு உள்ள இருக்கறதுனாலதான் புள்ள, அந்த ஆளு கார்ல வந்து எறங்கறப்ப எதுக்கால போயி நிக்க முடியுது. இதையும் மாவுல கரைச்சுக் குடிச்சுட்டா, எதை எடுத்துட்டு நான் கோர்ட்டுக்குப் போறது?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "நீ சாப்புடு. உன்னைய வேண்டாங்கல. நீ தூங்கோணும். எனக்கு இது வேணும்."

அது அவனுக்கு வேண்டியது என்று சுகந்திக்கும் தெரியும்.

*

பொட்டலத்து மாவில் வெல்லப் பாகு ஆறவிட்டுச் சேர்த்தால் மூன்று உருண்டை வந்தது. பாப்புவுக்கு மாவுருண்டை என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டப்பாவைத் திறப்பாள்.

அவள் போன நாளிலிருந்து அந்த வீட்டில் எது செய்தாலும் முதல் பங்கு படத்துக்கு முன்னால் குட்டித் தட்டில் வைக்கப்படும். இட்லியானால் ஓர் இட்லி, பணியாரமானால் ஒரு பணியாரம். படைத்ததை எடுத்து வெளியே கொட்டக் கூடாது. வேலை விட்டு வந்ததும் குமரேசன் கைகால் கழுவி, படத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தட்டில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுவான். மகளோடு அவன் வைத்துக்கொண்ட பேச்சு அதுதான்.

முதல் நாள் மூன்று உருண்டை பிடித்ததும் சுகந்தியின் கை தானாகவே ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தது. ஷர்மிளா சொன்ன விதி அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் படத்தில் இருப்பவளுக்கு வைப்பதை வேறொருவருக்குக் கொடுத்ததாக அவள் எப்படி எண்ணுவாள்? மற்ற இரண்டையும் தின்று தண்ணீர் குடித்தாள். ஏழு மணிக்குக் குமரேசன் வந்து மூன்றாவது உருண்டையைத் தின்றான்.

நூறு நாளும் அப்படித்தான் நடந்தது.

ஷர்மிளா தினமும் ஐந்து மணி வாக்கில் ஸ்கூட்டியில் வருவாள். பட்டையின் எண்ணைப் பதிந்துகொண்டு, "இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்பாள். முதலில் சுகந்தி, "நல்லாத்தான் இருக்கறனுங்க" என்ற ஒரே பதிலைச் சொன்னாள். பத்து நாள் கழித்து, காலையில் பால்காரர் மணியடித்தது பாப்புவின் சைக்கிள் மணி போல இருந்ததைச் சொன்னாள். அப்புறம் வேறு சிலவும் சொன்னாள். ஏப்ரல் கடைசியில் எண் ஐம்பத்தொன்பது. மே மாதத்தில் நாற்பத்தாறு. ஒரு நாள் விடிந்து ஆறரை வரைக்கும் தூங்கிவிட்டு, எழுந்து, என்னவோ திருடியவள்போல உட்கார்ந்திருந்தாள்.

ராஜாமணிக்கு இறங்கிய வேகம் வேறு. ஒரு மாதத்தில் அறுபத்து நான்கு பதினேழாகிவிட்டது. மே மாதம் அவளுடைய ஒரே தம்பி க.பரமத்தியில் மாரடைப்பில் இறந்துபோனார். போய்விட்டு மறுநாளே திரும்பியவள் சுகந்தி வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணுல தண்ணியே வரல சுகந்தி. அவம்பொண்டாட்டி என்னையக் கட்டிப் புடிச்சுட்டு ஓன்னு அழுகறா. எனக்கு, ஊட்ல கருவேப்பிலை தீந்துபோச்சே, வர்றப்ப வாங்கோணுமேன்னு ஓடுது. பந்தியில உக்காந்து ரசம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனேன். இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொல்லிட்டா."

"ஐயோ. நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"சரிம்மான்னேன்." ராஜாமணி புடவை முந்தானையை மடித்தாள், விரித்தாள். "அவனை இடுப்புல வெச்சுட்டே வளர்ந்தவ நானு. அதெல்லாம் நல்லா ஞாவகம் இருக்குது. யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்குது."

அன்று மாலை ஷர்மிளா வந்தபோது ராஜாமணியின் பட்டை பதினைந்து காட்டியது. "ரொம்ப நல்ல முன்னேற்றம்," என்றாள் ஷர்மிளா. அவள் வாசிக்க வேண்டிய வாக்கியம் அது. வாசித்துவிட்டு யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், குமரேசனின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்த சுகந்திக்குப் பை கனமில்லாமல் இருந்தது.

"சுத்தியல் எங்கீங்க?"

"பட்டறையிலயே கெடக்கட்டும்னு வெச்சுட்டேன். தெனமும் எதுக்குத் தூக்கிட்டு..."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அன்று அவள் மனதிலும் அது உறைக்கவில்லை. அவளே அப்போதுதான் தூங்கப் பழகியிருந்தாள்.

*

ஜூன் 10 அன்று வாய்தா. எதிர்த்தரப்பு சமரசப் பத்திரத்தை ஏழாவது முறையாக நீட்டியது. வக்கீல் இன்னாசிமுத்து வழக்கம்போல, "அவங்க காகிதத்தை அவங்களே வெச்சுக்கட்டும், என்ன குமரேசா?" என்று சொல்லிவிட்டு எழப்போனார்.

"குடுங்க சார்," என்றான் குமரேசன். "போதுங்க."

வக்கீல் அவனை உற்றுப் பார்த்தார். "உடம்பு சரியில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். மனு திரும்பப் பெறப்பட்டது. வராந்தாவில் தாளாளர் அவனைக் கடந்து போனார். குமரேசன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மூன்றாவது உருண்டையைத் தின்றுவிட்டுப் படுத்தான்.

ஆய்வு அடுத்த வாரம் முடிந்தது. கடைசி நேர்காணல் ஜூலை முதல் தேதி. ஷர்மிளா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "பொட்டலத்துல இருந்து வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க," என்று சொன்ன சுகந்தி, சொல்லி முடிக்கும்போது படத்துக்கு எதிரே இருந்த குட்டித் தட்டைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்ட கேள்வி எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அவன் வந்ததும் சொன்னாள். நின்றபடியே, எல்லாவற்றையும். "வேணும்னு செய்யலீங்க. பாப்புவுக்குன்னுதான் வெச்சேன். நீங்க திங்கறீங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

குமரேசன் படத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றுகூட அவள் நினைத்தாள். அவன் சிரித்தான். மூன்று வருடத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

"அதானே பார்த்தேன்! மூணு வாரமா மண்டையப் பொளந்துட்டு இருக்கறேன், எப்படிப் போட்டேன், எந்தக் கையில போட்டேன்னு. நான் போடல புள்ள! அந்த மாவு போட்டுருக்குது!" சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "கெளம்பு. வக்கீலப் பார்க்கோணும்."

இன்னாசிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "திரும்ப வாங்கின மனுவ மறுபடியும் உசுப்பறது லேசு இல்லப்பா. கையெழுத்து உன் சுயபுத்தியில போடலைன்னு காட்டணும். இந்த மாவு அப்படிச் செய்யும்னு ஆய்வு நிலையமே ஒத்துக்கற கதை இது. அவங்க பதிவைக் கோர்ட்டுக்கு வரவழைக்கிற வழி ஒண்ணு இருக்கு. ஒரே வழிதான்."

மனு போட்டார்கள். மறுநாள் சுத்தியல் பைக்குள் ஏறியது. பட்டறையில் முடிந்திருந்த நாலு வண்டியில் இரண்டை நிறுத்திவைத்தான் குமரேசன். முதலாளி வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினார். சுகந்தி போனைக் காதில் வைத்தபடி, அந்தக் கத்தலை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஆகஸ்ட் கடைசியில் ஷர்மிளா வந்தாள். ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். கையில் கணினி இல்லை.

"நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. வேலை போயிரும்." தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "போன வாரம் ரகசிய எண்ணெல்லாம் பிரிச்சுட்டாங்க. ராஜாமணி அம்மாவுக்கு அசல் மாவு. உங்களுக்குச் சும்மா மாவு."

சுகந்திக்கு முதலில் புரியவில்லை. "எனக்குக் கொறைஞ்சுதே. எழுவத்தொண்ணு நாப்பத்தாறு ஆச்சே. நீங்கதானே எழுதுனீங்க?"

"சும்மா மாவு சாப்பிட்டவங்கள்லயும் பத்துக்கு நாலு பேருக்குக் குறைஞ்சிருக்குக்கா."

"அதெப்படி?"

"தினமும் ஒருத்தர் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டோம்ல," என்றாள் ஷர்மிளா. "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

சுகந்தி யோசித்துப் பார்த்தாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

"கோர்ட்ல கேட்டா எங்க ஆளுங்க கவரைக் குடுத்துருவாங்க. அண்ணன் எல்லார் முன்னாலயும் அதைக் கேக்கணுமா? நீங்களே சொல்லி மனுவ நிறுத்திருங்கக்கா."

அவள் போன பிறகு சுகந்தி வெகுநேரம் கதவடியிலேயே இருந்தாள். அவனிடம் யாரும் தினமும் வந்து எதையும் கேட்கவில்லை. ஒரு கேழ்வரகு உருண்டை தின்றான், அவ்வளவுதான். மூன்று வருடம் ஒரே ஆளாக நின்ற மனிதனுக்குக் கால் வலித்திருக்கிறது, உட்கார்ந்துவிட்டான். இதை அவனிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

ஏழு மணிக்குக் குமரேசன் வந்தான். பையைக் கீழே வைத்தபோது சுத்தியல் தரையில் தட்டியது. "இன்னைக்கு ஒரு வண்டி புள்ள, கதவு தொறக்குது, ஆனா பாதிதான். பெரியவங்க வருவாங்க, கொழந்தைங்க தள்ளுனா வராது. கழட்டிப் போடுன்னுட்டேன்!" சோற்றைப் பிசைந்தபடி அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் ரசம் ஊற்றினாள். அன்று சொல்லவில்லை. வாய்தாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16 அன்று ஆய்வு நிலையத்தின் ஆள் முத்திரையிட்ட உறையைக் கொடுத்தார். நீதிபதி பிரித்து வாசித்தார். "பங்கேற்பாளர் எண் எண்பத்து மூன்று. ஒப்பீட்டுப் பிரிவு. கேழ்வரகு, பொட்டுக்கடலை, ஏலக்காய். நுண்ணுயிர் ஏதும் சேர்க்கப்படவில்லை." மனுதாரர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். இன்னாசிமுத்து குமரேசனைப் பார்த்தார். குமரேசன் இல்லை என்று தலையசைத்தான்.

எல்லாம் முடியப் பதினோரு நிமிடம் ஆனது. மனு தள்ளுபடி.

பேருந்தில் இருவருக்கும் பின்பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்தில் அவசர வழிக் கதவு இருந்தது. குமரேசன் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பாலம் தாண்டியதும் கேட்டான்.

"அப்ப நாந்தான் போட்டனா?"

"ம்," என்றாள் சுகந்தி.

அகச்சீர் மாவு 2039 ஜனவரியில் கடைகளுக்கு வந்தது. முதல் வாரத்திலேயே குமரேசன் இரண்டு டப்பா வாங்கி வந்தான்.